ஐசோலேட்டுகளை அழிக்காதீர்கள்: கோழி நோயறி ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோழி நோயறி ஆய்வகங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்,

உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். பண்ணைகளிலிருந்து வரும் பாக்டீரியா ஐசோலேட்டுகளுக்கு (நோய்ப்பட்ட கோழியிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த பாக்டீரியாக்களுக்கு) இனி மரபணு வரிசை வகைப்பாடு (ஒரே பாக்டீரியாவுக்குள் எந்த வகை என்று மரபணுவை வைத்துப் பிரிக்கும் பரிசோதனை) செய்ய மாட்டீர்கள், பாக்டீரியாவின் பெயரும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற ஆண்டிபயாட்டிக் சென்சிடிவிட்டியும் மட்டும்தான் ரிப்போர்ட்டில் வரும், டீப் ஃப்ரீசரில் இருக்கும் பழைய ஐசோலேட்டுகளையும் இடம் போதவில்லை என்று அழித்துவிடப் போகிறீர்கள். வகைப்பாட்டு முடிவு சிகிச்சையை மாற்றுவதில்லை என்பது நீங்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணம் தவறு. மரியாதையோடுதான் சொல்கிறேன், ஆனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

நான் பண்ணை பண்ணையாகப் போய் வரும் கோழி மருத்துவர். செத்த கோழியை அறுத்துப் பார்ப்பது, ஸ்வாப் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து உங்களுக்கு அனுப்புவது, நீங்கள் தரும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பண்ணைக்காரர் முன்னால் நின்று பதில் சொல்வது, எல்லாம் என் வேலை. என்ன மருந்து கொடுக்கலாம் என்றுதான் அவர் முதலில் கேட்பார். அதற்கு உங்கள் சென்சிடிவிட்டி ரிப்போர்ட் போதும். அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருப்பதில்லை: இது எங்கிருந்து வந்தது? குஞ்சோடு வந்ததா, தண்ணீரில் வந்ததா, போன பேட்சிலிருந்தே ஷெட்டில் தங்கிவிட்டதா, இல்லை பலவீனமாக்கிய உயிருள்ள கிருமியை வைத்து நாமே போட்ட உயிர்த் தடுப்பூசியா? இதில் எது என்பதைப் பொறுத்து அவர் செய்ய வேண்டிய வேலை முழுக்க மாறிவிடும். குஞ்சு என்றால் அதைப் பொரித்துக் கொடுத்த ஹேட்சரியோடு பேச வேண்டும், தண்ணீர் என்றால் தொட்டியிலிருந்து கோழி குடிக்கும் நிப்பிள் வரை கழுவ வேண்டும், ஷெட் என்றால் எலியிலிருந்து தொடங்க வேண்டும், தடுப்பூசி என்றால் பதறாமல் விட்டுவிடுவதே சரியாக இருக்கலாம். சென்சிடிவிட்டி அட்டவணை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

சுற்றறிக்கை வந்த பிறகு நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு ஆட்கள் நடத்தும் சில பிராய்லர் பண்ணைகளில் முதல் வாரத்திலேயே குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. எங்கே அறுத்தாலும் ஒரே காட்சி. மஞ்சள் கரு உடம்பில் சேராமல் வயிற்றுக்குள்ளேயே பச்சையும் பழுப்புமாகக் கெட்டு நாறியது. கொஞ்சம் தாக்குப்பிடித்து வளர்ந்த குஞ்சுகளில் இதய உறையின் மேலும் கல்லீரலின் மேலும் வெண்மஞ்சள் சவ்வு படிந்திருந்தது, இடுக்கியால் பிடித்தால் ஒரே துண்டாக உரிந்து வரும் அளவுக்குக் கெட்டியாக. குஞ்சுகள் எல்லாம் ஒரே ஹேட்சரியிலிருந்து வந்தவை. ஆனால் அந்தப் பண்ணைகளில் சிலவற்றுக்குத் தண்ணீரும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது, அதனால் இரண்டில் எதையும் ஒதுக்கிவிட முடியவில்லை. தொடை எலும்பை உடைத்து மஜ்ஜையிலிருந்து ஸ்வாப் எடுத்தேன். செத்துச் சில மணி நேரம் ஆன குஞ்சில் குடலில் இருப்பது கல்லீரலுக்குப் பரவியிருக்கும், அதை நம்பி யார் மேலும் பழி போடக்கூடாது என்பதற்காக. பண்ணைவாரியாகத் தனித்தனியே குறித்து அனுப்பினேன். எல்லா ரிப்போர்ட்டிலும் வந்தது ஒரே பெயர்: ஈ. கோலை.

ஈ. கோலை என்று சொல்லிவிட்டால் என்ன தெரிந்துவிட்டது? நல்ல ஆரோக்கியமான கோழியின் குடலிலும் ஈ. கோலை இருக்கிறது. நோய் உண்டாக்கும் ஈ. கோலையிலேயே பல வகை உண்டு. எஸ்.டி. 117, எஸ்.டி. 23, எஸ்.டி. 95, எஸ்.டி. 131 என்று (எஸ்.டி. என்பது வகை எண், கீழே விளக்குகிறேன்) கோழிகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் வகைகளை இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் தெரிந்துகொள்ள விரும்பியது, எல்லாப் பண்ணையிலும் இருந்தது ஒரே வகையா, பண்ணைக்கு ஒரு வகையா என்பதுதான். பண்ணைக்கு ஒரு வகை என்றால், குஞ்சைப் பலவீனப்படுத்தும் வேறு ஏதோ ஒன்று அங்கங்கே இருக்கிறது, ப்ரூடிங் சூடு (குஞ்சுக்குத் தரும் கதகதப்பு), அம்மோனியா, ஏதாவது வைரஸ், அதைத் தேடிப் போக வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே வகை என்றால் பொதுவான ஒரு மூலம் இருக்கிறது, அப்போது ஹேட்சரியிலும் தாய்க்கோழிப் பண்ணையிலும் அந்தத் தண்ணீரிலும் மாதிரி எடுத்து, அதே வகை எதில் கிடைக்கிறது என்று பார்த்திருக்கலாம். ஒன்றுக்கான தீர்வு மற்றதற்கு உதவாது. கேட்டேன், இனி செய்வதில்லை என்றார்கள். அதற்கப்புறம் ஹேட்சரிக்காரர் பண்ணையைக் குறை சொன்னார், பண்ணைக்காரர்கள் ஹேட்சரியைக் குறை சொன்னார்கள், யாரும் யாரையும் நம்பவில்லை, கடைசியில் அடுத்த பேட்சுக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீரில் ஆண்டிபயாட்டிக் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். வகைப்பாடு சிகிச்சையை மாற்றுவதில்லை என்கிறீர்கள். அது இல்லாமல் போனதால் நோயே இல்லாத குஞ்சுக்கும் மருந்து போகிறது.

பண்ணைக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வகைப்பாடு என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1998ல் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் பாக்டீரியாவை வைத்து அறிமுகமான முறை இது. பாக்டீரியா உயிர்வாழ்வதற்கே தேவையான அடிப்படை மரபணுக்களில் வழக்கமாக ஏழைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சுமார் 450 முதல் 500 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படிக்கிறார்கள். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தத் துண்டுக்கு வேறு எண். ஏழு துண்டுகளின் எண்களும் சேர்ந்த கூட்டுக்கு ஒரு வரிசை வகை எண், அதுதான் எஸ்.டி. இதற்கு முன்பு ஜெல்லில் தெரியும் பட்டைகளை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஓர் ஆய்வகத்தின் படத்தை இன்னோர் ஆய்வகத்தின் படத்தோடு பொருத்திப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து நடத்தப்படும் பப்எம்எல்எஸ்டி தரவுத்தளத்திலோ, ஈ. கோலைக்கும் சால்மொனெல்லாவுக்கும் உள்ள என்டரோபேஸிலோ போட்டுப் பார்த்தால், உலகத்தில் வேறு எங்கே, எந்த உயிரினத்தில், எந்த ஆண்டில் இதே வகை பதிவாகியிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் வட ஐரோப்பாவில் நடந்ததைப் பார்க்கலாம். 2014க்கும் 2016க்கும் இடையில் டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் பிராய்லர் பண்ணைகளில் ஈ. கோலை நோய் அதிகமானது. ஒவ்வொரு நாடும் தன் ரிப்போர்ட்டில் ஈ. கோலை என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டிருந்தால் அது நான்கு நாடுகளின் நான்கு தனிப் பிரச்சினைகளாகவே இருந்திருக்கும். மரபணு வரிசையைப் படித்தபோது எஸ்.டி. 117, ஓ78 (ஓ78 என்பது பாக்டீரியாவின் மேற்பரப்பை வைத்துப் பிரிக்கும் செரோவகை) என்ற ஒரே வகை நாடு நாடாகப் பரவியிருப்பது தெரிந்தது. அவை ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கமாக இருந்தன. இனப்பெருக்கச் சங்கிலியின் மேல்மட்டத்திலிருந்து, பாட்டிக்கோழி, தாய்க்கோழி வழியாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். கடைசிப் பண்ணையில் இருப்பவர் தன் ஷெட்டை எத்தனை முறை கழுவினாலும் மேலிருந்து வருவதை நிறுத்த முடியாது. நோய் மேலிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்க முடியும்.

என் சொந்த அனுபவத்தில் வகைப்பாடு எனக்குக் கைகொடுத்தது கோழி காலராவில். முட்டைக்கோழி வளர்க்கும் லேயர் பண்ணை ஒன்று, நன்றாக நடத்தப்படும் பண்ணைதான், தடுப்பூசியும் தவறாமல் போட்டிருந்தார்கள். முட்டை உச்சத்தில் இருக்கும்போது திடீரென்று சாவு. முந்தின நாள் சாயங்காலம் வரை தீவனம் தின்ற கோழி காலையில் செத்துக் கிடக்கும். அறுத்தால் கல்லீரல் முழுக்க ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள், இதயத்தின் கொழுப்பில் ரத்தப் பொட்டுகள், சிலவற்றுக்குத் தாடி வீங்கியிருந்தது. கோழி காலராவை உண்டாக்கும் பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்று ஆய்வகம் உறுதி செய்தது. முந்தைய பேட்சிலும் இதே நோய் வந்திருந்ததால், வளர்ப்புக் கோழி கொடுத்தவர்தான் நோயோடு அனுப்புகிறார் என்று உரிமையாளர் முடிவு கட்டிவிட்டார். சண்டை, பணம் தர மறுப்பு, வக்கீல் வரை போய்விட்டது.

அப்போது அந்த ஆய்வகத்தில் வகைப்பாடு செய்துகொண்டிருந்தார்கள், முந்தைய பேட்சின் ஐசோலேட்டையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். இரண்டையும் வைத்துப் பார்த்ததில் எஸ்.டி. எண் ஒன்றுதான் என்று வந்தது. கோழி கொடுத்த பண்ணையிலிருந்து அந்த பாக்டீரியாவே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எருக் குழிப் பக்கமும் தீவன அறையிலும் எலி பிடித்தோம், எலியின் தொண்டையிலிருந்து எடுத்த ஸ்வாபிலும் அதே எண். இந்த பாக்டீரியா எலியிடமும் பூனையிடமும் நோயில் பிழைத்த கோழியிடமும் வெளியே தெரியாமல் தங்கியிருக்கும் என்று பாடத்தில் எல்லோரும் படித்ததுதான், ஆனால் பண்ணைக்காரரிடம் பாடத்தைச் சொன்னால் கேட்க மாட்டார், தன் எலியிடம் இருந்ததும் தன் கோழியைக் கொன்றதும் ஒரே எண் என்று காட்டினால் கேட்பார். கேட்டார். ஷெட்டைக் காலி செய்து, எலி நுழையும் ஓட்டைகளை அடைத்து, எருவை அப்புறப்படுத்தி, சில வாரம் சும்மா போட்டு வைத்து, பிறகு அதே ஆளிடமிருந்தே கோழி வாங்கினார். அந்த பேட்ச் முழுக் காலமும் காலரா இல்லாமல் ஓடியது.

தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது என்ற கேள்வியும் அதோடு தீர்ந்தது. கோழி காலராவுக்கான கொன்ற தடுப்பூசிகள் பெரும்பாலும் தங்கள் செரோவகைக்கு எதிராகத்தான் நன்றாக வேலை செய்யும், ஹெடில்ஸ்டன் முறைப்படி 16 செரோவகைகள் இருக்கின்றன. பண்ணையில் இருந்த பாக்டீரியா தடுப்பூசியில் இருந்த செரோவகைகள் எதிலும் சேரவில்லை. அதனால் அந்த ஐசோலேட்டிலிருந்தே பண்ணைக்கென்று தனித் தடுப்பூசி தயாரிக்க முடிவானது. பண்ணைத் தடுப்பூசிக்கு எந்த ஐசோலேட்டை எடுப்பது என்பதை வகை தெரியாமல் முடிவு செய்யவே கூடாது என்பது என் திடமான கருத்து. குறிப்பாக ஈ. கோலையில் தட்டில் முளைத்த ஏதோ ஒரு காலனியை (பாக்டீரியாத் திட்டை) எடுத்துத் தடுப்பூசி செய்தால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத குடல்வாசி ஒன்றுக்கு எதிராகக் கோழிக்கு ஊசி குத்திக்கொண்டிருப்போம்.

உயிர்த் தடுப்பூசிகள் விஷயம் இன்னும் நுட்பமானது. கோழிக்கு மூச்சுநோய் தரும் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் பாக்டீரியாவுக்கு எஃப், டிஎஸ்-11, 6/85 என்ற தடுப்பூசி வகைகள் புழக்கத்தில் இருக்கின்றன. தடுப்பூசி போட்ட மந்தையில் பி.சி.ஆர். பாசிட்டிவ் வந்தால் அது தடுப்பூசியா, வெளியிலிருந்து வந்த கிருமியா? சாதாரண பி.சி.ஆருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 2005 முதலே நான்கு மரபணுக்களின் வரிசையைப் படித்துப் பிரித்துப் பார்க்கும் முறை இந்த பாக்டீரியாவுக்கு இருக்கிறது. அதைச் செய்யாமல் வெறும் பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்தால், பயந்துபோய் நல்ல தாய்க்கோழி மந்தையைக் கழித்துவிடுகிறவரும் உண்டு, தடுப்பூசியாகத்தான் இருக்கும் என்று உண்மையான நோயை அலட்சியமாக விட்டுவிடுகிறவரும் உண்டு. இரண்டையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். கோழி டைபாய்டுக்கான 9ஆர் தடுப்பூசியிலும் இதே கேள்வி வருகிறது. பண்ணையில் நோய்ப்பட்ட முட்டைக் கோழிகளிலிருந்து எடுத்த, அந்த டைபாய்டை உண்டாக்கும் சால்மொனெல்லா காலினாரம் ஐசோலேட்டுகள் சில, அந்தத் தடுப்பூசி வகைக்கு மிக நெருக்கமானவை என்று மரபணு ஆய்வில் 2013ல் வெளிவந்தது. தடுப்பூசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது காப்பாற்றிய மந்தைகள் ஏராளம். எது தடுப்பூசி, எது நோய் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான்.

மனிதர் பக்கம் வருவோம். கோழிகளின் மூட்டிலும் எலும்பிலும் வரும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கோழிக்கே உரியது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். வெவ்வேறு கண்டங்களில் சேர்த்து வைக்கப்பட்ட ஐசோலேட்டுகளை வகைப்படுத்திப் பார்த்து 2009ல் வெளியான ஆய்வு, பிராய்லர்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி எஸ்.டி. 5 என்ற மனித வகையிலிருந்து அண்மைக் காலத்தில் கோழிக்குத் தாவி உலகமெங்கும் பரவிய கிளை என்று காட்டியது. தாவிய பிறகு மனித உடம்பில் தேவைப்படும் சில மரபணுக்கள் அதில் செயலிழந்துவிட்டன, பறவை பாக்டீரியாக்களிடமிருந்து புதியவை வந்து சேர்ந்திருக்கின்றன. எதிர்த்திசையில், ஈ. கோலையின் எஸ்.டி. 95, எஸ்.டி. 131 இரண்டும் கோழியிலும் கிடைக்கின்றன, மனிதரின் சிறுநீர்த்தொற்றிலும் கிடைக்கின்றன. ஒரே எண் என்பதால் கோழியிலிருந்துதான் மனிதருக்குப் போனது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல இன்னும் ஆழமான ஒப்பீடு வேண்டும். ஆனால் கோழிப் பக்கத்து எண்ணே நம்மிடம் இல்லையென்றால் அந்த ஒப்பீட்டை யாருமே தொடங்க முடியாது.

நியூசிலாந்து இதைச் செய்து காட்டிய நாடு. அங்கே மனிதர்களுக்கு வந்த, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் தொற்றுகளையும் கோழி இறைச்சி, ஆடு, மாடு, ஆற்று நீர் ஆகியவற்றில் கிடைத்தவற்றையும் இதே ஏழு மரபணு முறையில் வகைப்படுத்தினார்கள். எஸ்.டி. 474 மனிதரிடமும் அதிகம், கோழி இறைச்சியிலும் அதிகம் என்று தெரிந்தது, மொத்தத்தில் கோழியே பெரிய மூலம் என்று கணக்கு வந்தது. அதை வைத்துக் கோழி இறைச்சித் துறையில் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள். 2002 முதல் 2006 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால் 2008ல் மனிதத் தொற்று 54 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் கோழிக்கு நோயே உண்டாக்காது. உங்கள் சுற்றறிக்கையின் கணக்குப்படி பார்த்தால், சிகிச்சையே தேவைப்படாத பாக்டீரியாவை வகைப்படுத்துவது அடியோடு வீண்.

சரி, உங்கள் பக்கத்து நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஏழு மரபணுவை இரண்டு திசையிலும் பழைய முறையில் படித்தால் ஓர் ஐசோலேட்டுக்கு 14 வாசிப்புகள். ஆள் வேண்டும், ரசாயனம் வேண்டும், நேரம் வேண்டும். ஆனால் இன்று முழு மரபணுத்தொகுதியையே ஒரே ஓட்டத்தில் படித்துவிட்டால் எஸ்.டி. எண், செரோவகை, ஆண்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாம் அந்த ஒரே தரவிலிருந்து கணினியில் கிடைத்துவிடுகின்றன. தனித்தனியாகச் செய்யும் பல பரிசோதனைகளின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வரும் எல்லா ஸ்வாபுக்கும் செய்யுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

ஏழு மரபணு போதாது என்பதும் உண்மைதான். சால்மொனெல்லா என்டரிடிடிஸ் என்ற பாக்டீரியாவில் பெரும்பாலானவை எஸ்.டி. 11தான், இரண்டு பண்ணையிலும் எஸ்.டி. 11 என்று வந்தால் எதுவுமே சொன்னதாகாது. அங்கே 3002 மரபணுக்களை ஒப்பிடும் மையத்தொகுதி முறை வேண்டும். இந்தக் குறையைக் காட்டி வகைப்பாடே உதவாது என்று உங்கள் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வாதாடினார். என் அனுபவம் வேறு. எண் ஒன்றாக இருந்தால் தொடர்பு இருக்கலாம், மேலும் தோண்ட வேண்டும். எண் வேறாக இருந்தால், அங்கிருந்து இங்கே நேராக வரவில்லை என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லிவிடலாம், நிரபராதி ஒருவர் மேல் விழும் பழி அப்போதே நிற்கும். இந்த இரண்டாவது பயனை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இன்னொரு காரணம் சுற்றறிக்கையில் எழுதப்படவில்லை, ஆனால் பேச்சுவாக்கில் காதில் விழுகிறது. வகை எண்ணைக் கொடுத்தால் பண்ணைக்கும் ஹேட்சரிக்கும் வழக்கு வருகிறது, ஆய்வகத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள், நமக்கெதற்கு வம்பு என்பது. இதுதான் உண்மையான காரணம் என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது. பண்ணையின் பெயரை நீக்கி, எந்தப் பறவை, என்ன வயது, எந்த உறுப்பு, எந்த மாதம், பெரிய வட்டாரம் எது என்பதை மட்டும் எண்ணோடு சேர்த்துப் பொதுவில் வைக்கலாம். எண் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று ரிப்போர்ட்டின் அடியிலேயே நாலு வரி அச்சடிக்கலாம். வழக்குக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டால் சந்தேகத்தின் பேரில் நடக்கும் சண்டைதான் மிஞ்சும், மேலே நான் சொன்ன பிராய்லர் பண்ணைகளில் இப்போது நடந்துகொண்டிருப்பது அதுதான்.

எல்லாவற்றையும் விட எனக்குத் தூக்கம் கெடுவது அந்த ஃப்ரீசரை நினைத்துத்தான். நிறுத்திய பரிசோதனையை நாளைக்கே மறுபடி தொடங்கலாம். அழித்த ஐசோலேட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தச் சின்னக் குப்பிகளில் இருப்பவை எத்தனையோ மந்தைகளின் சாவுக்குக் காரணமானவை, ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நாற்றத்தில் உட்கார்ந்து கோழியை அறுத்து, பேனாவால் எண் எழுதி, வழியில் கெட்டுவிடாமல் கொண்டுவந்து சேர்த்தது. காலராப் பண்ணையில் முந்தைய ஐசோலேட் இல்லாமல் போயிருந்தால் எலியைத் தேடவே போயிருக்க மாட்டோம். ஸ்டாஃபைலோகாக்கஸ் மனிதரிடமிருந்து கோழிக்குத் தாவிய கதையை நாம் தெரிந்துகொண்டதும், இதனால் பின்னால் என்ன தெரியவரும் என்று அப்போது தெரியாமலேயே யாரோ பழையதைப் பாதுகாத்து வைத்ததால்தான். இடம் இல்லை என்றால் உறைய வைத்து உலர்த்திச் சின்ன ஆம்பூல்களில் அடைத்துவிடலாம், ஃப்ரீசரே தேவைப்படாது. அதற்கும் வழியில்லை என்றால் ஏதாவது பல்கலைக்கழகத்திடமோ கால்நடை மருத்துவக் கல்லூரியிடமோ ஒப்படையுங்கள். அழிப்பது கடைசி வழியாகக்கூட இருக்கக்கூடாது.

இப்போது நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில், ஐசோலேட்டுகளை அழிக்கும் உத்தரவை இன்றே நிறுத்தி வையுங்கள். எவை எத்தனை இருக்கின்றன, எந்த ஆண்டு, எந்தப் பறவை என்ற பட்டியலை வெளியிடுங்கள். உங்களால் வைத்துக்கொள்ள முடியாதவற்றை ஏற்கத் தயாராக இருக்கும் நிறுவனங்களை அழையுங்கள். எங்களில் பலர் பட்டியல் எடுக்கவும் குப்பிகளை மாற்றவும் கூலி வாங்காமல் வந்து உதவுவோம், நான் கண்டிப்பாக வருவேன்.

வகைப்பாட்டை மறுபடி தொடங்குங்கள், குறைந்தபட்சம் சில சூழ்நிலைகளுக்காவது அதைக் கட்டாயமாக்குங்கள். ஒரே ஹேட்சரிக் குஞ்சு போன பல பண்ணைகளில் ஒரே நேரத்தில் நோய் வரும்போது, ஒரே ஷெட்டில் அடுத்தடுத்த பேட்சுகளில் அதே நோய் திரும்பும்போது, தடுப்பூசி போட்ட மந்தையில் அதே நோய் வரும்போது, பண்ணைத் தடுப்பூசி தயாரிக்க ஐசோலேட் தேர்ந்தெடுக்கும்போது, தாய்க்கோழி மந்தையைக் கழிப்பதா வேண்டாமா என்ற முடிவு அதைப் பொறுத்து இருக்கும்போது. இவற்றுக்கு மட்டும் செய்தாலே பெரிய விஷயம். ஒரு கோழியின் ஒரு காலனியோடு நிறுத்தாமல் சில கோழிகளிலிருந்து சில காலனிகளை எடுத்துப் பாருங்கள், கலந்து வரும் தொற்று இல்லையென்றால் தெரியாமலே போய்விடும்.

ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள், எந்தத் திட்டத்தின்படி (எந்த மரபணுக்களை எடுத்து எண் தரும் முறைப்படி) என்பதையும் எழுதுங்கள். ஈ. கோலையில் அக்ட்மன் திட்டத்தின் எஸ்.டி. 131தான் பாஸ்டர் நிறுவனத் திட்டத்தில் எஸ்.டி. 43. பாஸ்சுரெல்லா மல்டோசிடாவுக்கும் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. திட்டத்தின் பெயர் இல்லாமல் வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒப்பிடவும் முடியாமல் விடவும் முடியாமல் நான் தவித்திருக்கிறேன். படித்த வரிசைக் கோப்பையும் கூடவே கொடுங்கள், எதிர்காலத்தில் திட்டம் மாறினாலும் அது உதவும். பண்ணையின் பெயர் இல்லாமல் அந்த வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்திலும் சேருங்கள்.

நிதி ஒதுக்குபவர்களிடம் தனியாக ஒன்று. நீங்கள் மாதிரிகளின் எண்ணிக்கையை வைத்து ஆய்வகத்தை மதிப்பிடுகிறீர்கள், அதனால்தான் அவர்கள் ஆழமான பரிசோதனையை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கூட்டப் பார்க்கிறார்கள். வகைப்பாட்டுக்கும் ஐசோலேட் பாதுகாப்புக்கும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்குங்கள், வேறு செலவுக்குத் திருப்ப முடியாதபடி.

இந்த மாதிரி முடிவுகளை எடுக்கும் முன் களத்தில் இருக்கும் மருத்துவர்களையும் பண்ணைக்காரர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். விரிவான பதிலுக்கு நாளாகும் என்றால் பரவாயில்லை, ஐசோலேட்டுகள் எதுவும் அழிக்கப்படாது என்ற ஒரு வரியை மட்டும் முதலில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பண்ணைகளில் பணிபுரியும் ஒரு கோழி மருத்துவர்